64 ஜிபி இருக்குன்னு அதுக்கே தெரியாதா?

ஒரு கேள்வி ரொம்ப நாளா மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு. கேட்டவர் ஐடி ஆளே கிடையாது, ஒரு நூல் மில்லுல அக்கவுண்ட்ஸ் பாக்குற மேனேஜர். "ஏனுங்க தம்பி, மெஷின்ல 64 ஜிபி ரேம் இருக்குதுன்னு அந்த சாஃப்ட்வேருக்கே தெரியாதுங்களா? நாம போயி சொல்லோணுங்களா?"ன்னு கேட்டார். ஆமா சார், ஒரு ஃபைல்ல எழுதணும்னு சொன்னேன். "அப்ப அந்த ஃபைல்ல இதுக்கு முன்னாடி யாரு என்ன எழுதி வெச்சிருந்தாங்க?" யாரும் எழுதல சார், அது டீஃபால்ட், நாம எதுவும் சொல்லலன்னா சாஃப்ட்வேர் தானா எடுத்துக்கிற மதிப்புன்னு சொன்னேன். அவரும் தலையாட்டிட்டு டீ சொல்லப் போயிட்டார். ஆனா நான் சொன்னது பதிலே இல்ல, எனக்கே தெரியும். யாரோ ஒருத்தர் எங்கயோ உக்காந்து ஒரு நம்பரை முடிவு பண்ணாம டீஃபால்ட் எப்படி வரும்? எந்த மெஷினை மனசுல வெச்சு முடிவு பண்ணினாங்க, எந்த வருஷம், ஏன் இன்னும் மாத்தல?

சர்வர் வேலை பாக்குறவங்க நடுவுல டீஃபால்ட் கான்ஃபிக், அதாவது செட்டிங் ஃபைல், விஷயத்துல ரெண்டு கட்சி உண்டு. செஞ்சவனுக்குத் தெரியாததா உனக்குத் தெரியும், கை வெக்காதேன்னு ஒரு கட்சி. இன்ஸ்டால் முடிஞ்ச கையோட கூகுள்ல தேடி நாப்பது வரியை அப்படியே ஒட்டி ரீஸ்டார்ட் அடிக்கிறது இன்னொரு கட்சி. ஃபைலைத் திறந்து படிக்கிறதில்லங்கிற ஒரு விஷயத்துல மட்டும் ரெண்டு கட்சியும் கூட்டணி. மில்லுக்கு சர்வர் போட்டுக் கொடுத்த வெண்டர் ரெண்டாவது கட்சி ஆள்.

புதுசு வாங்கியும் ஸ்லோ

பழைய மெஷின் 16 ஜிபி, அதுல மைஎஸ்க்யூஎல்ங்கிற டேட்டாபேஸ் மட்டும்தான் ஓடிட்டிருந்தது, கான்ஃபிக்ல யாருமே கை வெக்கல. ரிப்போர்ட் எடுக்குற ஜாவா சர்வர் தனியா இன்னொரு பொட்டியில. புதுசு வாங்கும்போது ரெண்டையும் சேர்த்து ஒரே மெஷின்ல போட்டாங்க, 64 ஜிபி ரேம், உபுண்டு லினக்ஸ், மைஎஸ்க்யூஎல் 8.0, ஜாவாவுக்கு 16 ஜிபி ஹீப், அதாவது அது எடுத்துக்கக்கூடிய ரேம். டிஸ்க் மட்டும் இன்னும் சுத்துற டிஸ்க்தான், பட்ஜெட் இடிச்சதுல அங்க கை வெச்சிட்டாங்க. மாத்தின மறுநாள்ல இருந்து புகார். பழைய மெஷின்ல சட்டுனு வந்த ஸ்டாக் ரிப்போர்ட், புதுசுல டீ குடிச்சிட்டு வந்து பாத்தாலும் சக்கரம் சுத்திட்டே இருக்கு. ரேம் நாலு மடங்கு ஆயிருக்கு, ஆனா வேகம் இறங்கியிருக்கு. வெண்டர் கிட்ட கேட்டா நான் ட்யூனிங் எல்லாம் பண்ணித்தான் கொடுத்தேன், டேட்டா அதிகமாயிருக்கும், இன்னும் கொஞ்சம் ரேம் போட்டுப் பாருங்கங்கிறார்.

போய் பாத்தப்ப முதல்ல கண்ணுல உறுத்தினது ரேம் கணக்கு சொல்ற ஃப்ரீ கமாண்ட் காட்டின வரி. ஃப்ரீங்கிற தலைப்புக்குக் கீழ 40 ஜிபிக்கு மேல சும்மா கெடக்கு. ஒரு டேட்டாபேஸ் சர்வர் நாள் முழுக்க ஓடின பிறகு லினக்ஸ்ல ஃப்ரீ கணக்கு அப்படி இருக்கவே கூடாது, ஏன்னா லினக்ஸ் மிச்சம் இருக்குற ரேமை சும்மா விடாது, டிஸ்க்ல இருந்து படிச்சதை எல்லாம் பேஜ் கேச்னு அதுலயே பிடிச்சு வெச்சுக்கும். இங்க அந்த கேச்சும் ஒட்டிப் போய் கெடக்கு. இன்னொரு பக்கம் டிஸ்க் பாத்தா ரீட் போய்க்கிட்டே இருக்கு, மூச்சு விட நேரமில்ல. ரேம் காலி, டிஸ்க்குக்கு நெஞ்சடைக்குது. யாரோ நடுவுல சுவர் எழுப்பின மாதிரி.

அந்த வெண்டர் ரெண்டு காரியம் பண்ணியிருந்தார். ஒண்ணு, மெயின் கான்ஃபிக் ஃபைல்ல இன்னோடிபி (மைஎஸ்க்யூஎல்லுக்குள்ள டேட்டாவை எழுதிப் படிக்கிற இஞ்சின்) ஃப்ளஷ் மெத்தட் ஓ-டைரக்ட்னு ஒரு வரி. இன்னொண்ணு, கான்ஃப்-டாட்-டி டைரக்டரிக்குள்ள ட்யூனிங்-டாட்-கான்ஃப்னு தனியா ஒரு ஃபைல் போட்டு, அதுல பஃபர் பூல் (டேட்டாவை மைஎஸ்க்யூஎல் ரேம்ல பிடிச்சு வைக்கிற இடம்) 32 ஜிபின்னு அழகா எழுதி, மேல கமெண்ட்ல தன் பேரும் தேதியும் போட்டிருந்தார். ரெண்டும் நல்ல வரிகள்தான், எந்த ட்யூனிங் கட்டுரையைத் திறந்தாலும் ரெண்டும் ஜோடியா இருக்கும். ஜோடியா இருக்கணும்னும் காரணம் இருக்கு. ஓ-டைரக்ட்னா டேட்டா ஃபைல் படிக்கும்போது லினக்ஸோட பேஜ் கேச்சைத் தொடாம நேரா டிஸ்க்குக்குப் போறது. மைஎஸ்க்யூஎல் தன்னோட பஃபர் பூல்லயே எல்லாத்தையும் வெச்சுக்கிட்டா, லினக்ஸும் அதே டேட்டா பக்கத்தை இன்னொரு காப்பி வெச்சிருக்கிறது வீண், அதுக்காகத்தான் அந்த வரி. பஃபர் பூல் பெருசா இருந்தா மட்டும்தான் அது புத்திசாலித்தனம்.

இப்ப சர்வர் கிட்டயே கேட்டேன், பஃபர் பூல் சைஸ் எவ்வளவுன்னு. 134217728. இந்த வேலையில இருக்கவங்களுக்கு இந்த நம்பர் ஃபோன் நம்பர் மாதிரி மனப்பாடம், பைட்ல 128 எம்பி. மைஎஸ்க்யூஎல் 8.0-ல ஒரு நல்ல வசதி இருக்கு, பர்ஃபார்மன்ஸ் ஸ்கீமாவுக்குள்ள வேரியபிள்ஸ்-இன்ஃபோன்னு ஒரு டேபிள், ஒவ்வொரு செட்டிங்கும் எங்கிருந்து வந்ததுன்னு அதுல இருக்கும், ஃபைல்ல இருந்து வந்திருந்தா ஃபைலோட முழுப் பேரும் பக்கத்துலயே வரும். ஃப்ளஷ் மெத்தடுக்கு நேரா மெயின் ஃபைலோட பேரு. பஃபர் பூலுக்கு நேரா ஃபைல் பேரே இல்ல, வெறும் 'கம்பைல்ட்'. அதாவது எந்த ஃபைலும் சொல்லல, பைனரிக்குள்ள, அதாவது புரோகிராமுக்குள்ளயே, சுட்டு வெச்ச நம்பர் அப்படியே ஓடுது. அந்த 32 ஜிபி வரியை மைஎஸ்க்யூஎல் படிக்கவே இல்ல. காரணம் என்னன்னா லினக்ஸ்ல இன்க்ளூட் டைரக்டரிக்குள்ள கடைசியில டாட்-சிஎன்எஃப்னு முடியுற ஃபைலை மட்டும்தான் அது எடுக்கும். டாட்-கான்ஃப்னு முடிஞ்சா தாண்டிப் போயிடும். எரர் கிடையாது, லாக்ல ஒரு வரி கூட கிடையாது.

பழைய மெஷின் ஏன் வேகமா இருந்ததுன்னு அப்பத்தான் முழுசா விளங்குச்சு. அங்கயும் பஃபர் பூல் இதே 128 எம்பிதான், வருஷக்கணக்கா. ஆனா ஃப்ளஷ் மெத்தட்ல யாரும் கை வெக்காததால பழைய எஃப்சிங்க் முறை, டேட்டா ஃபைல் எல்லாம் பேஜ் கேச் வழியா வந்திருக்கு, மைஎஸ்க்யூஎல் கிட்ட இல்லாத பக்கத்தை எல்லாம் லினக்ஸ் தன் கையில வெச்சிருந்து நீட்டியிருக்கு. ஒரு மோசமான டீஃபால்ட்டை இன்னொரு டீஃபால்ட் இத்தனை வருஷமா தாங்கிட்டு இருந்திருக்கு. வெண்டர் பாதி ட்யூனிங் பண்ணினதுல தாங்கினவன் விலகிட்டான். ட்யூனிங் பண்ணவே இல்லன்னா இந்த மெஷின் நல்லா ஓடியிருக்கும். இதை அவர்கிட்ட சொன்னப்ப ரொம்ப நேரம் ஒத்துக்கல, நியாயம்தான், ஃபைல் கண்ணு முன்னாடி இருக்கே, 32 ஜிபின்னு எழுதியிருக்கே.

128 எங்கிருந்து வந்தது

சரி, அந்த 128-க்கு வருவோம். மைஎஸ்க்யூஎல் 5.1 வரைக்கும் இது வெறும் 8 எம்பி. 5.5-ல, அதாவது 2010-ல, 128 ஆச்சு. அதே 5.5-லதான் மைஐசாம்ங்கிற பழைய இஞ்சினைத் தள்ளிட்டு இன்னோடிபி டீஃபால்ட் இஞ்சின் ஆச்சு. அதுக்கப்புறம் நம்ம கைல இருக்குற ஃபோன் எல்லாம் 8 ஜிபி 12 ஜிபின்னு போயிடுச்சு, இந்த நம்பர் நகரல. உபுண்டு கூட வர்ற மெயின் கான்ஃபிக் ஃபைலை ஒரு தடவை படிச்சுப் பாருங்க, ஃபைன் ட்யூனிங்னு தலைப்பு போட்டு கீழ கீ பஃபர் 16 எம்பின்னு ஒரு வரி இருக்கும். கீ பஃபர்ங்கிறது மைஐசாம் டேபிளுக்கு மட்டும். ஓய்வு பெற்ற இஞ்சினுக்கு நாற்காலி போட்டு வெச்சிருக்காங்க, வேலை செய்யுற இஞ்சின் பேரு அங்க இல்ல. பழைய டெபியன் ஃபைல்ல இன்னும் வேடிக்கை, இன்னோடிபி பகுதியில "நிறைய ஆப்ஷன் இருக்கு, மேனுவல் பாத்துக்கோ"ங்கிற தோரணையில ஒரு கமெண்ட், அவ்வளவுதான்.

அதுக்கும் முன்னாடி ஒரு காலத்துல மைஎஸ்க்யூஎல் கூடவே மாதிரி ஃபைல்கள் வந்தது, நிறைய பேருக்கு ஞாபகம் இருக்கும், மை-ஸ்மால், மை-மீடியம், மை-லார்ஜ், மை-ஹியூஜ். ஒவ்வொண்ணுக்கும் மேல ஒரு கமெண்ட்ல இது எந்த மாதிரி மெஷினுக்குன்னு எழுதியிருப்பாங்க. ஸ்மால்னா 64 எம்பி வரைக்கும். லார்ஜ்னா 512 எம்பி. ஹியூஜ்னா 1 ஜிபி முதல் 2 ஜிபி ரேம். படிச்சா இப்ப சிரிப்பு வரும், ஆனா எனக்கு அந்த ஃபைல்கள் மேல மரியாதை உண்டு. எழுதினவன் எந்த மெஷினை நினைச்சு எழுதினான்னு அதுல வெளிப்படையா இருந்தது. 5.6-ல அதையெல்லாம் தூக்கிட்டாங்க. காலாவதியான அறிவுரையை எத்தனை நாள் சுமக்கிறதுன்னு நினைச்சிருப்பாங்க, சரிதான், ஆனா அதோட சேர்ந்து அந்தக் கமெண்ட்டும் போச்சு. இப்ப இருக்குற 128-க்குப் பக்கத்துல யாருக்காகன்னு ஒரு வரி கிடையாது.

போஸ்ட்கிரெஸ்ங்கிற இன்னொரு டேட்டாபேஸ்லயும் ஷேர்ட் பஃபர்ஸ், அதாவது அங்க பஃபர் பூல் மாதிரி இருக்கிறது, டீஃபால்ட் 128 எம்பிதான், ஆனா அங்க கதை வேற. ரொம்ப காலம் அது 32 எம்பியா இருந்தது, காரணம் போஸ்ட்கிரெஸ் இல்ல, லினக்ஸ். அப்பல்லாம் அது ஷேர்ட் மெமரியை பழைய சிஸ்டம்-5 முறையில வாங்கும், ஒரு துண்டு அதிகபட்சம் இவ்வளவுதான்னு லினக்ஸோட மையமான கெர்னல்ல ஒரு வரம்பு உண்டு, அதோட டீஃபால்ட் 32 எம்பி. அதைத் தாண்டி கேட்டா சர்வர் ஸ்டார்ட்டே ஆகாது, கெர்னல் செட்டிங்கை மாத்துன்னு ஒரு நீளமான எரர் வரும், ரூட் பாஸ்வேர்ட் இல்லாதவன் அங்கயே நின்னுடணும். 2013-ல 9.3 வந்தப்ப மெமரி வாங்குற முறையை எம்மேப்ங்கிற வேற முறைக்கு மாத்தினாங்க, அந்தத் தடை விலகுச்சு, அதோட டீஃபால்ட்டும் 128 ஆச்சு. கெர்னல் காரங்க அந்த வரம்பைத் தூக்கினது அடுத்த வருஷம், 3.16-ல. ஒரு டேட்டாபேஸ் எவ்வளவு ரேம் எடுக்கணும்னு அத்தனை வருஷம் முடிவு பண்ணினது டேட்டாபேஸ் தெரிஞ்ச யாருமே இல்ல.

போஸ்ட்கிரெஸ் மெஷினைப் பாக்காமலும் இல்ல, அதுதான் இன்னும் சுவாரஸ்யம். முதல் தடவை டேட்டாபேஸைத் தயார் பண்ற இனிட்-டிபி ஓடும்போது ஸ்க்ரீன்ல ஷேர்ட் பஃபர்ஸ் தேர்ந்தெடுக்கிறேன்னு ஒரு வரி ஓடும், நிறைய பேர் கவனிச்சிருக்க மாட்டீங்க. அது என்ன பண்ணுதுன்னா 128 எம்பியில ஒரு சர்வரை ஸ்டார்ட் பண்ணிப் பாக்குது, ஆகலன்னா அதுக்குக் கீழ, அதுவும் ஆகலன்னா இன்னும் கீழ, ஓடுற வரைக்கும் இறங்கிட்டே போகும். மேல மட்டும் ஏறாது. 1 டெராபைட் ரேம் கொடுத்தாலும் 128-லயே திருப்தி. இதைப் பாத்த பிறகுதான் டீஃபால்ட் எழுதுறவங்க எந்தக் கேள்விக்கு பதில் எழுதுறாங்கன்னு எனக்குப் பிடிபட்டது. எது வேகமா ஓடும்ங்கிறது அவங்க கேள்வியே இல்ல. எந்த மெஷின்லயாவது இன்ஸ்டால் பண்ணி ஸ்டார்ட் ஆகலங்கிற புகார் வரக்கூடாது, அது ஒண்ணுதான் கவலை. லேப்டாப்ல கத்துக்கிறவன், 512 எம்பி வாடகை சர்வர்ல பிளாக் நடத்துறவன், டாக்கர்ல பத்து கன்டெய்னர் கிளப்பி டெஸ்ட் ஓட்டுறவன், எல்லாருக்கும் அது எழுந்து நிக்கணும். அவங்க எண்ணிக்கை நம்ம மில் மாதிரி ஆட்களை விட அதிகமாத்தான் இருக்கும்.

பாத்துட்டு எடுத்துக்க வேண்டியதுதானே

மேனேஜர் சாரோட கேள்வி இன்னும் மிச்சம் இருக்கு, 64 ஜிபி கண்ணுக்குத் தெரியும்ல, பாத்து எடுத்துக்க வேண்டியதுதானே. உண்மையில அதுக்கும் ஒரு சுவிட்ச் இருக்கு. மைஎஸ்க்யூஎல் 8.0-ல இன்னோடிபி டெடிகேட்டட் சர்வர்னு பேரு. ஆன் பண்ணினா ஸ்டார்ட் ஆகும்போது ரேமைப் பாத்து, 4 ஜிபிக்கு மேல இருந்தா முக்கால் பங்கை பஃபர் பூலுக்கு எடுத்துக்கும். டீஃபால்ட்டா ஆஃப். முதல்ல எனக்கும் கடுப்புதான், வசதியைச் செஞ்சிட்டு ஏன் மூடி வெக்கிறீங்கன்னு. அப்புறம் இதே மில் மெஷினுக்குக் கணக்குப் போட்டுப் பாத்தேன். 64-ல முக்கால் பங்கு 48. ஜாவாவுக்கு 16. கூட்டினா 64, லினக்ஸுக்கு பட்டை நாமம். மாசக் கடைசியில ரிப்போர்ட் எல்லாம் ஒண்ணா ஓடுற நேரத்துல ரேம் தீர்ந்தா புரோகிராமைக் கொல்ற கெர்னலோட ஊம் கில்லர் எழுந்து யாரைப் போடலாம்னு பாக்கும், மெஷின்லயே பெரிய ஆள் யாரோ அவனைத்தான் முதல்ல போடும், அதாவது டேட்டாபேஸையே.

ரேம் எவ்வளவுன்னு பாக்குறது சுலபம், யார் யார் கூட இருக்காங்கன்னு பாக்குறதுதான் முடியாத காரியம். ஒண்டுக்குடித்தனத்துல ஒரே குழாய் மாதிரிதான் இது, தண்ணி எவ்வளவு வருதுன்னு குழாயைத் திறந்தா தெரிஞ்சிடும், பின்போர்ஷன் காரங்க வீட்டுல விசேஷம்னு குழாய்க்குத் தெரியுமா. ஜாவா ஹீப் இப்ப 3 ஜிபிதான் பிடிச்சிருக்கும், மாசக் கடைசியில 16-ம் கேட்கும். மைஎஸ்க்யூஎல் ஸ்டார்ட் ஆகுற நிமிஷத்துல பாத்தா எல்லாம் காலியாத்தான் தெரியும். அந்த மெஷினுக்கு நாங்க கடைசியா வெச்சது வெண்டர் சொன்ன அதே 32 ஜிபிதான். அவர் கணக்கு சரி, ஃபைல் பேரோட வால் தப்பு. பஃபர் பூலை ஓடும்போதே மாத்தலாம்ங்கிறதால டேட்டாபேஸை நிறுத்தக் கூட வேண்டியிருக்கல, ஃபைலை டாட்-சிஎன்எஃப்னு பேர் மாத்தி அடுத்த ரீஸ்டார்ட்டுக்கும் வழி பண்ணியாச்சு. ரிப்போர்ட் வந்துடுச்சு, அன்னைக்கு மதியம் மில் கேன்டீன்லயே சாப்பாடு.

இது வரைக்கும் எழுதினதுல மெமரி டீஃபால்ட் ஏதோ பெரிய வில்லன் மாதிரி தெரியலாம். என் அபிப்ராயம் நேர் எதிர். ட்யூனிங்னு எவன் எழுதினாலும் மெமரியைப் பத்திதான் எழுதுறான், ஆனா டீஃபால்ட்கள்லயே சாதுவானது அதுதான். ஸ்லோவா இருக்கும், திட்டுவாங்க, யாராவது வந்து ஒரு வரியை மாத்துவாங்க, அன்னைக்கே சரியாயிடும், பின்னால எந்தத் தடயமும் இருக்காது. கதவைத் திறந்து வைக்கிற டீஃபால்ட் அதை விட மோசம். மோங்கோடிபிங்கிற டேட்டாபேஸ் ஆரம்ப காலத்துல எல்லா நெட்வொர்க்லயும் காது கொடுத்துக்கிட்டு, பாஸ்வேர்டும் கேட்காம எழுந்து நிக்கும், 2017 தொடக்கத்துல ஆயிரக்கணக்கான டேட்டாபேஸை அழிச்சிட்டு பிட்காயின் கொடுன்னு நோட்டு வெச்சிட்டுப் போனாங்க. அந்த வருஷக் கடைசியில வந்த 3.6-லதான் லோக்கல்ஹோஸ்ட், அதாவது அதே மெஷின்ல இருந்து மட்டும்னு டீஃபால்ட் முழுசா மாறுச்சு. அதுக்கு முன்னாடி பேக்கேஜ் கூட வர்ற கான்ஃபிக்ல மட்டும் சரி பண்ணி வெச்சிருந்தாங்க, பைனரியை எறக்கி நேரா ஓட்டினவனுக்கு அந்தக் கான்ஃபிக் எங்க இருக்கு. ரெடிஸ்ங்கிற இன்னொரு டேட்டாபேஸ் 2016-ல 3.2-ல இதே பாடத்தைப் படிச்சது. போஸ்ட்கிரெஸ் 2005-ல வந்த 8.0-ல இருந்தே லோக்கல்ஹோஸ்ட்தான். வேகம் சம்பந்தப்பட்ட டீஃபால்ட் பத்து பதினஞ்சு வருஷம் நகராம கெடக்கும், பாதுகாப்பு சம்பந்தப்பட்டது ஊர் சிரிச்ச பிறகு ஒரே ரிலீஸ்ல மாறும்.

மீனாட்சிசுந்தரம் எப்படி மீனாட்சிசு ஆனார்

ஆனா எல்லாத்தையும் விட எனக்கு பயம், டேட்டாவுக்குள்ளயே போய் உக்காந்துக்கிற டீஃபால்ட். நாம தமிழ்ல டேட்டா வெச்சு வேலை பாக்குறவங்க, நமக்கு இது புதுசு இல்ல. மைஎஸ்க்யூஎல்லை உருவாக்கின கம்பெனி ஸ்வீடன் நாட்டுது. அதனால கேரக்டர் செட் (எழுத்தை எந்த முறையில சேமிக்கணும்னு) சொல்லாம டேட்டாபேஸ் உருவாக்கினா மேற்கு ஐரோப்பிய எழுத்துக்கான லேட்டின்-1, வரிசைப்படுத்துறது ஸ்வீடிஷ் முறைப்படி. 2018-ல 8.0 வர்ற வரைக்கும் இதுதான் டீஃபால்ட். மதுரையில ஒரு பள்ளிக்கூட சாஃப்ட்வேரோ கோயம்புத்தூர்ல ஒரு ரேஷன் லிஸ்ட்டோ, எதுவா இருந்தாலும் கான்ஃபிக்ல ஒரு வரி எழுதலன்னா அகர வரிசை ஸ்வீடிஷ்.

இதோட விளைவு உடனே தெரிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும். கனெக்‌ஷன் பக்கம் எல்லா மொழிக்குமான யூடிஎஃப்-8னு சரியா சொல்லியிருந்தா தமிழ் எழுத்து எல்லாம் கேள்விக்குறியா விழும், ???? ன்னு, அன்னைக்கே ஆள் முழிச்சுக்குவான். வினை என்னன்னா பழைய பிஎச்பி கோடு பெரும்பாலும் கனெக்‌ஷன்லயும் ஒண்ணும் சொல்லாது, அதுவும் லேட்டின்-1 டீஃபால்ட். ரெண்டு பக்கமும் ஒரே பொய் சொல்றதால பைட்டுகள் அப்படியே உள்ள போய் அப்படியே வெளிய வரும், வெப் பேஜ்ல தமிழ் முத்து முத்தா தெரியும். டேட்டாபேஸைப் பாக்குற பிஎச்பி-மைஅட்மின்ல திறந்தாத்தான் குட்டு வெளிப்படும், தலைமேல சாய்வா கோடு போட்ட ஒரு ஆங்கில ஏ, பக்கத்துல வட்டத்துக்குள்ள ஆர், இதே ஜோடி வரி முழுக்க. தமிழ் எழுத்து ஒவ்வொண்ணும் யூடிஎஃப்-8ல 3 பைட், அதுல முதல் ரெண்டு பைட்டை லேட்டின்-1ஆ படிச்சா முக்கால்வாசி நேரம் இந்த ஜோடிதான் வரும். டேபிளைப் பாக்காமலே இது தமிழ் டேட்டான்னு சொல்லிடலாம், அவ்வளவு பழக்கம்.

அந்த 3 பைட்லதான் இன்னொரு கண்ணி. பேருக்கு 30 எழுத்து போதும்னு ஃபீல்டு போட்டிருப்பாங்க. லேட்டின்-1ல 30 எழுத்துன்னா 30 பைட், தமிழுக்கு அது 10 குறியீடு, புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனியா எண்ணப்படும். மீனாட்சிசுந்தரம்னு எழுதினா 16 குறியீடு, 48 பைட். நீளம் மீறினா எரர் கொடுக்கிற ஸ்ட்ரிக்ட் மோட் டீஃபால்ட்டா வந்தது 2015-ல, 5.7-ல. அதுக்கு முந்தின சர்வர்ல இது எரர் கிடையாது, வெறும் வார்னிங், அதையும் யாரும் பாக்க மாட்டாங்க, முப்பதாவது பைட்ல வெட்டிட்டு ஓகே சொல்லிடும். டேபிள்ல இருக்கிறவர் மீனாட்சிசு. பத்தாவது குறியீடு சரியா 'சு'வோட கொம்புல முடியுறதால உடைஞ்ச எழுத்து கூட தெரியாது, செல்லப் பேரு மாதிரி நிக்கும். அப்படி வெட்டுப்பட்ட ஒரு லிஸ்ட்டை சரி பண்ண நான் உக்காந்திருக்கேன். எழுத்து வடிவத்தைச் சரி பண்ணலாம், அந்த ஃபீல்டை முதல்ல பைனரியா (வெறும் பைட்டுகளா) மாத்தி அப்புறம் யூடிஎஃப்8எம்பி4-ஆ, அதாவது மைஎஸ்க்யூஎல்லோட முழு யூடிஎஃப்-8-ஆ, மாத்தணும், நேரா கன்வர்ட் கொடுத்தா பொய் மேல பொய் ஏறிடும். வெட்டுப்பட்ட ந்தரத்தை எந்த கமாண்டும் திருப்பித் தராது. பழைய பேப்பர் அப்ளிகேஷன் மூட்டையைப் பிரிச்சு ஆள் வெச்சு டைப் பண்ண வேண்டியதாச்சு. டீஃபால்ட் மாறி இத்தனை வருஷம் ஆகியும் இது முடியல பாருங்க. 8.0-க்கு அப்கிரேட் பண்ணினா புதுசா உருவாக்குற டேட்டாபேஸ்தான் யூடிஎஃப்8எம்பி4, ஏற்கனவே இருக்கிற டேபிள் எல்லாம் அதே லேட்டின்-1லயே பத்திரமா இருக்கும்.

காலி ஃபைல்

போஸ்ட்கிரெஸ் கான்ஃபிக் ஃபைலைப் பாத்து பயப்படாதவங்க கம்மி, எழுநூறு எண்ணூறு வரி, அதுல முக்கால்வாசி கமெண்ட். ஆனா ஒவ்வொரு செட்டிங்கும் அதோட டீஃபால்ட்டோட அங்கயே இருக்கும், ரீஸ்டார்ட் வேணுமான்னும் பக்கத்துலயே எழுதியிருக்கும். வரியை கமெண்ட் பண்ணினா மட்டும் பழைய மதிப்புக்குத் திரும்பாது, ரீலோட் பண்ணணும்னு கூட மேலயே எச்சரிச்சிருப்பாங்க. மைஎஸ்க்யூஎல் பக்கம் மை-சிஎன்எஃப்பைத் திறந்தா கமெண்ட் போக ரெண்டு இன்க்ளூட் வரி, அந்த டைரக்டரிக்குள்ள போனா பத்து பதினஞ்சு வரி. பாக்க சுத்தமா இருக்கு, எனக்குப் பிடிக்கல. ஃபைல் காலியா இருந்தா முடிவு எதுவும் எடுக்கப்படலன்னு தோணும், முடிவு எல்லாம் பைனரிக்குள்ள இருக்கு, பைனரி மாறும்போது அதுவும் மாறும். கான்ஃபிக் ஃபைலை நாம மாத்தியிருந்தா அப்கிரேட்ல டெபியன் நிறுத்தி, உன் ஃபைலை வெச்சுக்கவா புதுசைப் போடவான்னு கேக்கும். பைனரிக்குள்ள இருக்கிறது மாறினா யாரும் கேக்க மாட்டாங்க. 5.7-ல இருந்து 8.0 போனவங்க நிறைய பேர் மாற்றங்களைப் பதிவு பண்ற பின்லாக் டீஃபால்ட்டா ஆன் ஆனதை டிஸ்க் நிறைஞ்ச அன்னைக்குத்தான் கண்டுபிடிச்சாங்க, 30 நாள் லாக் சேரும் அதுல.

இதை இப்ப எழுத இன்னொரு காரணம் மைஎஸ்க்யூஎல் 8.4. 8.0-க்கு ஆதரவு 2026 ஏப்ரல் வரைக்கும்தான்ங்கிறதால எல்லாரும் அங்கதான் போயாகணும், 2024-ல வந்த எல்டிஎஸ் (நீண்ட கால ஆதரவு உள்ள வெர்ஷன்) அது. அதுல இன்னோடிபி டீஃபால்ட்களை மொத்தமா புரட்டிப் போட்டிருக்காங்க. ஐஓ கெப்பாசிட்டி 200-ல இருந்து 10000. அடாப்டிவ் ஹேஷ் இண்டெக்ஸ் ஆன்ல இருந்து ஆஃப். டெம்ப் டேபிள் மெமரி மட்டும் மெஷினோட ரேம்ல 3 சதவீதம், குறைஞ்சது 1 ஜிபி அதிகபட்சம் 4, ஆக ரேமைப் பாக்கக் கத்துக்கிச்சு, மேனேஜர் சாருக்கு இதை ஃபோன் பண்ணியே சொன்னேன். ஆனா நான் தலையில கை வெச்சது வேற ரெண்டு வரிக்கு. லினக்ஸ்ல ஃப்ளஷ் மெத்தட் இனிமே டீஃபால்ட்டாவே ஓ-டைரக்ட். பஃபர் பூல் அதே 128 எம்பி. மில் மெஷின்ல வெண்டர் கைப்பிசகா உண்டாக்கின அதே ஜோடி, இப்ப பெட்டியைப் பிரிச்ச உடனே கூடவே வருது. மைஎஸ்க்யூஎல்ல இருந்து பிரிஞ்ச மரியாடிபியில 10.6-ல இருந்தே இப்படித்தான். எதுவும் எழுதாம, பேஜ் கேச் தயவுல நிம்மதியா ஓடிட்டிருக்கிற பழைய சர்வர் எத்தனையோ இருக்கும், அதுல எதுலயாவது ஒரு நாள் அப்கிரேட் ஓடி மறுநாள் ஸ்லோன்னு புகார் வந்தா, கான்ஃபிக் ஃபைல்ல எதுவுமே மாறியிருக்காது, தேடுறவனுக்குக் கண்ணைக் கட்டும்.

அதனால அப்கிரேடுக்கு முன்னாடி பழைய சர்வர்லயும், டெஸ்ட் மெஷின்ல போட்ட புது சர்வர்லயும் எல்லா வேரியபிளையும் ஃபைல்ல எறக்கி டிஃப், அதாவது என்ன வித்தியாசம்னு, பாக்குறதை இப்ப கட்டாயமா வெச்சிருக்கேன், அதோட கம்பைல்ட்னு வர்றதுல எதெல்லாம் எங்களுக்கு முக்கியமோ அதை டீஃபால்ட்டாவே இருந்தாலும் ஃபைல்ல எழுதிடுறது. ஆபீஸ்ல ஒரு தம்பி இதுக்கு ஒத்துக்க மாட்டேங்கிறான், டீஃபால்ட்டையே திரும்ப எழுதினா நாளைக்கு அவங்க நல்ல மதிப்புக்கு மாத்தும்போது நீங்க பழசுல மாட்டிக்குவீங்கண்ணாங்கிறான். அவன் சொல்றதுலயும் விஷயம் இருக்கு, கீ பஃபர் 16 எம்பி அப்படித்தானே அந்த ஃபைல்ல கெடக்கு. இப்போதைக்கு எங்களுக்குள்ள ஒப்பந்தம், எழுதுற ஒவ்வொரு வரிக்கும் மேல எந்த மெஷினுக்கு, கூட வேற என்ன ஓடுது, எந்த வெர்ஷன்ல பாத்து எழுதினதுன்னு ஒரு கமெண்ட் இருக்கணும், இல்லாத வரியை அவன் அழிச்சா நான் கேள்வி கேட்கக் கூடாது. மில் சர்வரோட ஃபைல் இப்ப இருபது வரிகிட்ட வந்திருக்கு, அதுல அவன் ஏற்கனவே நாலை அழிச்சிட்டான், ஒண்ணுக்கு இன்னும் சண்டை ஓடிட்டிருக்கு.